தீபாவளி மதியப் பட்டிமன்றம்: பண்டிகைப் படம் எது, ரீமேக் தேறுமா என்று வீட்டில் பேசுவது எப்படி

1995 அக்டோபர் 23, தீபாவளி. காலையில் இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்ட கையோடு எங்கள் வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. அண்ணனும் அவன் கூட்டாளிகளும் ‘முத்து’ பார்க்கப் போனார்கள். சித்தப்பா என்னையும் சித்தியையும் ‘குருதிப்புனல்’ படத்துக்குக் கூட்டிப்போனார். அவர்கள் விசிலடித்துக் கட்டிய தொண்டையோடு திரும்பினார்கள். நாங்கள் பேச்சில்லாமல் திரும்பினோம். தியேட்டர் வாசலைத் தாண்டியதும் தெருவெங்கும் வெடிச்சத்தம். இரண்டரை மணி நேரம் குண்டும் துப்பாக்கியுமாகப் பார்த்துவிட்டு வந்த சித்தி, ஒவ்வொரு அணுகுண்டுக்கும் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் வளையல் பதிந்த தடம் இருந்தது.

இரவு சாப்பாட்டில் அண்ணன் ஆரம்பித்தான். “நல்ல நாளும் அதுவுமா பார்க்கிற படமா அது? ஒரு பாட்டு இல்ல, ஒரு சிரிப்பு இல்ல.” சித்தப்பா விடவில்லை. “ரெண்டும் ஒரே நாள்லதான வந்துச்சு? உன்னது தீபாவளிப் படம்னா என்னதும் தீபாவளிப் படம்தான்.” பதினொரு மணி வரைக்கும் பேசினார்கள். முடிவு கிடைக்கவில்லை. அடுத்த தீபாவளிக்குப் பாலக்காட்டிலிருந்து வந்த அத்தை மகன் இன்னொன்றைப் போட்டு உடைத்தார்: இரண்டுமே ரீமேக். ‘முத்து’ 1994-இல் பிரியதர்ஷன் எடுத்த ‘தேன்மாவின் கொம்பத்து’ என்ற மலையாளப் படத்திலிருந்து வந்தது. ‘குருதிப்புனல்’ அதே 1994-இல் கோவிந்த் நிஹலானி எடுத்த ‘துரோக்கால்’ என்ற இந்திப் படத்திலிருந்து வந்தது. அப்புறம் சண்டை இரட்டிப்பானது. முப்பது வருடமாக எங்கள் வீட்டில் தீபாவளி மதியம் என்றால் இந்தப் பட்டிமன்றம்தான்.

நான் திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. கணக்கு டீச்சர் என்பதாலேயே என்னை நடுவராக உட்கார வைத்தார்கள், அந்த நாற்காலி எனக்கே நிலைத்துவிட்டது. சினிமாவைப் பற்றிப் பேசுவது வெட்டிப்பேச்சு என்று நான் நினைப்பதில்லை. ஒரு குடும்பத்தில் எழுபது வயதுக்காரரும் பதினாலு வயதுக்காரியும் சரிசமமாக உட்கார்ந்து வாதாட இதைவிட நல்ல விஷயம் எனக்குத் தெரியவில்லை. உங்கள் வீட்டிலும் நடத்திப் பாருங்கள்.

உட்காரும் முன்

மதியம் மூன்று மணிக்கு ஆரம்பித்து ஐந்துக்குள் முடியுங்கள். 2018-இலிருந்து பட்டாசுக்குக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் வந்துவிட்டதால் பிள்ளைகள் மதியம் சும்மாதான் இருப்பார்கள். அவர்களைக் கட்டாயம் சேருங்கள். எட்டுப் பேர் போதும், பத்துக்கு மேல் போனால் இரண்டு பேர் மட்டும் பேசுவார்கள். டிவியை அணைத்துவிடச் சொல்ல மாட்டேன், அதில் காட்சி போட்டுக் காட்ட வேண்டியிருக்கும். சத்தத்தை மட்டும் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் ‘இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக’ என்ற குரல் வந்ததும் பாதிப்பேர் அந்தப் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

ஒரு நாளைக்கு ஒரு கேள்விதான். அதைச் சின்னதாக வையுங்கள். ‘தீபாவளிப் படங்களிலேயே சிறந்தது எது?’ என்று கேட்டால் ஆளுக்கொரு நடிகர் பெயரைச் சொல்லி முடித்துக்கொள்வார்கள். ‘தளபதி தீபாவளிப் படமா, பொங்கல் படமா?’ என்று கேளுங்கள். முதலில் எல்லோரும் இது என்ன கேள்வி என்பார்கள். பத்து நிமிடம் கழித்து நிமிர்ந்து உட்காருவார்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எந்த அளவுகோல் என்று முதலில் சொல்ல வைக்கவும்

பண்டிகைப் படம் என்ற சண்டை முடியாமல் போவதற்கு ஒரே காரணம், ஆளுக்கொரு அளவுகோலை வைத்துக்கொண்டு ஒரே சொல்லைப் பயன்படுத்துவது. அந்த 1995 இரவில் சித்தப்பா தேதியைப் பேசினார், அண்ணன் குணத்தைப் பேசினான். அதனால் எங்கள் வீட்டில் ஒரு விதி: வாயைத் திறக்கிறவர் எந்த அளவுகோலால் அளக்கிறேன் என்று முதலில் சொல்ல வேண்டும். எங்களிடம் மூன்று இருக்கின்றன.

முதலாவது தேதி. தமிழ்நாட்டில் பெரும்பாலும் இதுதான் வழக்கு. தீபாவளிப் படம் என்றால் தீபாவளிக்கு வந்த படம், அவ்வளவுதான். கதையில் ஒரு மத்தாப்புகூட இருக்க வேண்டியதில்லை. 1944 தீபாவளிக்கு வந்த தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது என்று இன்றும் சொல்கிறோம். அதில் பேச்சு முழுக்கப் பெற்றோரை மதிப்பது பற்றி. அந்த வருடம் டிசம்பரில் பாகவதர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானார். அடுத்த இரண்டு தீபாவளிக்கும் அவர் சிறையில். படம் தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பெரியப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் குரல் தழுதழுக்கும். தீபாவளியை வைத்து ஒரு படத்தின் வயதைச் சொல்லும் பழக்கமே நம்மிடம் இருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி. 1952-இல் ‘பராசக்தி’, 1987-இல் ‘நாயகன்’, ‘மனிதன்’ இரண்டும் ஒரே நாளில் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் வரிசையாக வரும்.

தேதியை மட்டும் பிடித்துக்கொண்டால் எங்கே இடிக்கும் என்பதற்கு ஒரு படம் போதும்: 2007-இல் ‘தீபாவளி’ என்ற பெயரிலேயே ஒரு படம் வந்தது. வந்தது பிப்ரவரியில்.

இரண்டாவது கதை. இதற்கு நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். படத்திலிருந்து பண்டிகையை எடுத்துவிட்டுக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். கதை நின்றால் பண்டிகை அங்கே வெறும் தோரணம். கதை விழுந்தால் அது தூண். ‘தளபதி’யை இதில் போட்டுப் பாருங்கள். 1991 தீபாவளிக்கு ‘குணா’வோடு சேர்ந்து வந்தது. ஆனால் படம் திறப்பது போகியன்று. பழையதையெல்லாம் வாசலில் போட்டுக் கொளுத்தும் நாளில், கல்யாணமாகாத ஒரு சின்னப்பெண் தனக்குப் பிறந்த குழந்தையைக் கூட்ஸ் ரயிலில் வைத்துவிட்டுப் போகிறாள். வேண்டாததைக் கழிக்கிற நாள் என்பதால்தான் அந்தக் காட்சி அப்படி அறுக்கிறது. அதை வேறு நாளுக்கு மாற்றினால் கதை நடக்கும், ஆனால் அந்த வலி போய்விடும். என் தங்கை மகள் ஒரு வருடம் இதைச் சொன்னபோது கூடத்தில் யாரும் பேசவில்லை. அன்றைக்குத் தீர்ப்பு: தேதியால் தீபாவளிப் படம், கதையால் போகிப் படம். இரண்டு கட்சியும் ஏற்றுக்கொண்ட தீர்ப்பு அது.

‘மகாநதி’யையும் வைத்துப் பேசலாம். 1994 பொங்கலுக்கு வந்தது. உள்ளே பொங்கல் பாட்டே இருக்கிறது, கரும்பும் பானையுமாக. அப்படியென்றால் சந்தேகமே இல்லாமல் பொங்கல் படம் என்று சொல்லிவிடலாம் அல்லவா? ஆனால் பார்த்தவர்களைக் கேளுங்கள். சீட்டுக் கம்பெனி ஆளை நம்பி ஒரு காவிரிக் கரைக் குடும்பம் சிதறிப்போகிற கதை அது. மகளைத் தேடிக் கல்கத்தாவுக்குப் போகும் அப்பாவைப் பார்த்துவிட்டுப் பொங்கல் அன்று வீட்டுக்கு வந்தவர்களால் கரும்பைக் கடிக்க முடியவில்லை. தேதியும் சரி, பாட்டும் சரி, இரண்டும் பொருந்துகிறது. ஆனாலும் பொங்கலன்று யாரும் அதை எடுத்துப் போட்டுப் பார்ப்பதில்லை. என் கருத்தைக் கேட்டால், அந்தப் பொங்கல் பாட்டு இருப்பதால்தான் பின்னால் வருகிற இழப்பு அத்தனை பெரிதாகிறது. பண்டிகை அங்கே தூண்தான். ஆனால் இடிந்து விழுவதற்காக நட்ட தூண்.

இந்த இடத்தில்தான் மூன்றாவது அளவுகோல் வருகிறது: வழக்கம். படம் எப்போது வந்தாலும், எதைப் பற்றியதாக இருந்தாலும், ஜனங்கள் அதை எந்த நாளோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள்? 1959-இல் வந்த ‘கல்யாணப் பரிசு’ ஏப்ரல் மாதப் படம். கதையிலிருந்து தீபாவளியை எடுத்துவிட்டாலும் அக்கா, தங்கை, இடையில் ஒருவன் என்ற சிக்கல் அப்படியே இருக்கும். தேதியிலும் தோற்கிறது, கதையிலும் தோற்கிறது. ஆனால் அதில் பி. சுசீலா பாடிய தீபாவளிப் பாட்டு இல்லாமல் எங்கள் அம்மாச்சிக்கு எண்ணெய்க் குளியலே கிடையாது. ரேடியோவில் அது வந்த பிறகுதான் சீயக்காயைக் கரைப்பார். அவருக்கு அதுதான் தீபாவளிப் படம். அதை மறுக்க எந்த நடுவருக்கும் உரிமை இல்லை.

‘குருதிப்புனல்’ பற்றிச் சித்தி பேசியதும் இந்த அளவுகோலில்தான். ரொம்ப வருடம் வாயே திறக்காமல் இருந்தவர், ஒருமுறை சொன்னார்: “அந்தப் படத்தை நினைச்சா எனக்கு வெளியில கேட்ட வெடிச்சத்தமும் சேர்ந்துதான் ஞாபகம் வருது. எது படத்துல கேட்டது, எது தெருவுல கேட்டதுன்னே இப்ப பிரிக்க முடியல. எனக்கு அது தீபாவளிப் படம்தான்.” சித்தப்பாவின் தேதிக் கணக்கால் ஆகாத காரியம் அந்த ஒரு பேச்சால் ஆனது. அண்ணன் விட்டுக்கொடுத்தான்.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் மகன் ஒரு தீபாவளிக்கு வந்திருந்தபோது, அங்கே இதே சண்டை கிறிஸ்துமஸுக்கு நடக்கிறது என்றான். ‘டை ஹார்ட்’ கிறிஸ்துமஸ் படமா இல்லையா என்று டிசம்பர் வந்தால் அலுவலகத்தில் இரண்டு கட்சியாம். அதையும் எங்கள் அளவுகோலில் வைத்தோம். படம் வந்தது 1988 ஜூலையில், ஆகவே தேதியில் தோல்வி. கதையில்? கிறிஸ்துமஸ் இரவு, லாஸ் ஏஞ்சலிஸில் ஓர் உயரமான கட்டடம், அலுவலக விருந்து. மற்ற மாடிகள் காலி. பிரிந்திருக்கும் மனைவியைப் பண்டிகைக்குப் பார்க்க வந்த போலீஸ்காரர். பண்டிகையை எடுத்துவிட்டால் அவர் அந்த ஊருக்கு வரவே காரணம் இல்லை. ஆகவே தூண் என்று நாங்கள் தீர்ப்புச் சொன்னோம். அதில் நடித்த புரூஸ் வில்லிஸே 2018-இல் ஒரு மேடையில் அது கிறிஸ்துமஸ் படம் இல்லை என்று சொல்லிவிட்டாரே என்றான் பையன். திரைக்கதை எழுதியவர்களில் ஒருவரான ஸ்டீவன் டி சூசா ஆமாம் கிறிஸ்துமஸ் படம்தான் என்கிறார். அப்போது எங்கள் வீட்டுக்கு ஒரு விதி கிடைத்தது: படம் எடுத்தவர் சொல்வதும் ஒரு வாதம்தான், தீர்ப்பு ஆகாது.

எனக்கு அந்தப் பேச்சில் பிடித்தது இதுதான். அங்கே பண்டிகைப் படம் என்றால் முதலில் கதையைப் பார்க்கிறார்கள். இங்கே முதலில் தேதியைப் பார்க்கிறோம். நமக்குத் தீபாவளி என்பது குடும்பத்தோடு தியேட்டருக்குப் போகும் நாள். படம் எதைப் பற்றியது என்பதைவிட, அன்றைக்கு எதற்குப் போனோம் என்பதுதான் மனதில் நிற்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை தானாக அடங்கும்.

ரீமேக் என்று வந்துவிட்டால்

முதலில் சொற்களைச் சரிசெய்யுங்கள். டப்பிங் வேறு, அதில் படம் அதேதான், குரல் மட்டும் மாறும். ரீமேக் என்றால் உரிமை வாங்கி, வேறு ஆட்களை வைத்துத் திரும்ப எடுப்பது. தழுவல் என்றால் கருவை மட்டும் எடுத்துக்கொண்டு தன் போக்கில் போவது. ‘சுட்டது’ என்பது குற்றச்சாட்டு. அதைச் சொல்கிறவர் தொடக்கத்தில் ஓடும் பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். இவ்வளவு போதும், இதற்கு மேல் சொல் ஆராய்ச்சியில் நேரத்தை விட வேண்டாம்.

அடுத்தது பேசும் வரிசை. ரீமேக்கை மட்டும் பார்த்தவர் முதலில் பேச வேண்டும். மூலத்தைப் பார்த்தவர் அதுவரை வாயைத் திறக்கக்கூடாது. இந்த விதி வருவதற்கு முன் எங்கள் வீட்டில் “ஒரிஜினல் பார்த்திருக்கியா நீ?” என்ற ஒரே கேள்வியால் பிள்ளைகளை உட்கார வைத்துவிடுவார்கள். ஒரு வருடம் அப்படி நான்கு பேர் முன்னால் அடக்கப்பட்ட உறவுக்காரப் பையன் எழுந்து போய் மொட்டைமாடியில் உட்கார்ந்துகொண்டான். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. நடுவராக நான் அதைத் தடுத்திருக்க வேண்டும். அன்றிலிருந்து இந்த வரிசையை நான் யாருக்காகவும் மாற்றுவதில்லை.

இதில் ஒரு நன்மையும் உண்டு. ரீமேக்கை முதலில் பார்த்தவர் கண்ணுக்குப் படுவது மூலத்தை முதலில் பார்த்தவர் கண்ணுக்குப் படாது. என் தங்கை மகள் ‘முத்து’வை டிவியில் பலமுறை பார்த்தவள். பிறகு ‘தேன்மாவின் கொம்பத்து’ பார்த்தாள். முடிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: “அந்த ஜமீன்தார் அப்பா எங்க?” அந்தக் கேள்வியிலிருந்து அன்றைய மதியம் முழுக்கப் பேச்சு கிடைத்தது.

ஏனென்றால் மலையாளத்தில் அந்த அப்பா இல்லவே இல்லை. ஒரு முதலாளி, அவரிடம் வண்டியோட்டும் ஒருவன், நடுவில் ஒரு நாடகக்காரி, யாருக்கு யார் மேல் பிரியம் என்ற குழப்பம். இதமான நகைச்சுவை. கே.வி. ஆனந்தின் ஒளிப்பதிவுக்கும் சாபு சிரிலின் கலை அமைப்புக்கும் தேசிய விருது கிடைத்த அழகான படம். தமிழில் கே.எஸ். ரவிகுமார் அந்தக் குழப்பத்தை வைத்துக்கொண்டு, சொத்தையெல்லாம் விட்டுவிட்டுத் துறவியாகப் போன ஒரு ஜமீன்தாரைப் பின்கதையில் கொண்டுவந்தார். வேலைக்காரன்தான் உண்மையில் வாரிசு என்று ஆகிவிட்டது. ரஜினிக்கு இரண்டு வேடம். ஏன் இதைச் சேர்த்தார்கள் என்று கேளுங்கள். அது 1995. ரஜினி அரசியலுக்கு வருவாரா என்று தமிழ்நாடே கேட்டுக்கொண்டிருந்த நேரம். எல்லாம் இருந்தும் வேண்டாம் என்று நடந்து போகிற ஒருவரைத் திரையில் பார்த்தபோது தியேட்டர் எதை நினைத்துக் கைதட்டியது என்று சொல்லத் தேவையில்லை. மூலத்தில் இல்லாத அந்தப் பகுதிதான் தமிழ்ப் படத்தின் உயிர். 1998-இல் ஜப்பானில் அந்தப் படம் ஓடியபோது அங்கே வைத்த பெயரில் ‘ஆடும் மகாராஜா’ என்று வருகிறது. மலையாள மூலத்துக்கு அந்தப் பெயரை வைத்திருக்கவே முடியாது, அதில் மகாராஜா யாரும் இல்லையே.

இன்னொரு சின்ன மாற்றத்தையும் பாருங்கள். மலையாளத்தில் நாயகனும் நாயகியும் வழிதவறிப் போய்ச் சேரும் இடத்தில் கன்னடம் பேசுகிறார்கள். தமிழில் அது கேரளமாகிவிட்டது. மொழி தெரியாமல் மாட்டிக்கொள்ளும் சிரிப்பு வேண்டுமென்றால் பார்க்கிறவனுக்கும் அது பக்கத்து வீட்டு மொழியாக இருக்க வேண்டும். கொஞ்சம் புரிய வேண்டும், முழுக்கப் புரியக்கூடாது.

இப்படி ஒரு மாற்றத்தைப் பிடித்து ‘ஏன்?’ என்று கேட்பதுதான் ரீமேக் பேச்சின் சாவி. ‘ஒரிஜினல் மாதிரி வராது’ என்பதை நான் வாதமாக ஏற்பதில்லை. எந்தக் காட்சி வரவில்லை? அங்கே என்ன இருந்தது, இங்கே என்ன இருக்கிறது? காட்சியைச் சொல்ல வேண்டும். முடிந்தால் போட்டுக் காட்ட வேண்டும்.

போட்டுக் காட்டுவதில் எங்களுக்குக் கிடைத்த பெரிய பலன் ‘மணிச்சித்ரதாழ்’ நாளன்று. 1993-இல் வந்த மலையாளப் படம். கன்னடத்தில் 2004-இல் ‘ஆப்தமித்ரா’. தமிழில் 2005 சித்திரை முதல் நாள் ‘சந்திரமுகி’. இந்தியில் 2007-இல் ‘பூல் புலையா’. கட்டிலைத் தூக்கும் காட்சியை மலையாளத்தில் போட்டோம். ஷோபனா கணவனிடம் வெளியே போக வேண்டும் என்கிறார், அவர் தடுக்கிறார், மெல்ல முகம் மாறுகிறது, குரல் மாறுகிறது, அப்புறம் மொழியே மாறுகிறது. மலையாளம் ஒரு வார்த்தையும் தெரியாத அம்மாச்சி அதுவரை பாக்கை இடித்துக்கொண்டிருந்தார். சட்டென்று உலக்கையை நிறுத்திவிட்டு, “என்னடி, பேய் நம்ம பாஷையில்ல பேசுது?” என்றார்.

ஆமாம், அதுதான் விஷயம். மலையாளக் கதையில் அந்தப் பேய், நாகவல்லி, தஞ்சாவூர் நாட்டியக்காரி. கேரளத்தில் தரவாடு என்று சொல்லும் பரம்பரை வீட்டுக்குள் மனைவி வாயிலிருந்து திடீரென்று தமிழ் வருவதுதான் அங்கே நடுக்கம். அப்படியே தமிழில் எடுத்தால் அந்த நடுக்கம் வராது, நம் வீட்டில் எல்லோரும் தமிழ்தானே பேசுகிறோம். அதனால் பி. வாசு சந்திரமுகியைத் தெலுங்கு பேச வைத்தார். இந்திக்காரர்கள் வங்காளி நாட்டியக்காரி ஆக்கினார்கள். ஒவ்வொரு ஊரும் தனக்குப் பக்கத்தில் இருக்கிற, பாதி தெரிந்த, பாதி தெரியாத மொழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ரீமேக் என்பது பிரதி எடுப்பது என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒன்றைச் சொன்னால் போதும். மூலத்தில் எது பயத்தை உண்டாக்கியது என்று கண்டுபிடித்து, அதை நம் மண்ணில் திரும்ப உண்டாக்குவது சாதாரண வேலை இல்லை.

அதே சமயம் அந்தப் படத்தில் நான் எதிர்க்கட்சி. மலையாளத்தில் கதை அந்தப் பெண்ணுடையது. மோகன்லால் பாதிப் படத்துக்குப் பக்கத்தில்தான் வருகிறார். ஷோபனாவுக்கு அந்த வேடத்துக்கு தேசிய விருது கிடைத்தது. தமிழில் நாயகன் சண்டையோடு நுழைந்ததும் கதை அவர் தோளுக்கு மாறிவிடுகிறது. ஜோதிகா அத்தனை உழைத்தும் அவருக்குக் கடைசியில்தான் முழு இடம் கிடைக்கிறது. மொழியை மாற்றியது தேவை. கதையின் சொந்தக்காரியை மாற்றியது தேவையா? அண்ணன் இதற்கு இன்றுவரை ஆமாம் என்கிறான்.

மாற்றாத ரீமேக்கை என்ன செய்வது? ‘குருதிப்புனல்’ அந்த வகை. ‘துரோக்கால்’ படத்தில் ஓம் புரி நின்ற இடத்தில் கமல் நிற்கிறார், நஸீருதீன் ஷா இடத்தில் அர்ஜுன். கதையின் எலும்பு அதேதான். அப்படியென்றால் எதற்கு எடுக்க வேண்டும் என்பது அண்ணன் கேள்வி. சித்தப்பா சொன்ன பதிலை நான் என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: “தீபாவளிக்கு வர்ற படத்துல பாட்டு வேணாம்னு சொல்றதுக்கே ஒரு துணிச்சல் வேணும். மாத்தாம விடுறதும் ஒரு முடிவுதான்.” அதை இயக்கிய பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவாளர். தமிழ்ப் பண்டிகைக் கூட்டத்தின் முன் அந்த இருட்டை அப்படியே வைத்தார். அந்த வருடம் ஆஸ்கர் போட்டிக்கு இந்தியா அனுப்பிய படமும் அதுதான். ரீமேக்கில் இரண்டு வகை உண்டு என்று அதற்குப் பிறகு நாங்கள் பேசுகிறோம்: இடித்துக் கட்டுவது, அதே வீட்டில் குடியேறுவது. எந்த வகை என்று முதலில் பார்த்துவிட்டு அதற்கேற்ற கேள்வியைக் கேளுங்கள். இடித்துக் கட்டியவரிடம் ‘ஏன் மாற்றினாய்?’ என்று கேட்க வேண்டும். குடியேறியவரிடம் ‘இந்த வீட்டில் நீ புதிதாக எதைப் பார்த்தாய்?’ என்று கேட்க வேண்டும்.

இரண்டு தலைப்பையும் ஒரே மதியத்தில் பேச ஆசைப்பட்டால் ஹாலிவுட்டின் ‘மிரக்கிள் ஆன் 34-த் ஸ்ட்ரீட்’ நல்ல தேர்வு. கிறிஸ்துமஸ் தாத்தா உண்மையா என்று நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும் கதை. 1947-இல் அதை மே மாதத்தில் வெளியிட்டார்கள். வெயில் காலத்தில்தான் கூட்டம் வரும் என்று ஸ்டூடியோ முதலாளி நினைத்தாராம். 1994-இல் ரீமேக். 1947 படத்தில், குழந்தைகள் தாத்தாவுக்குப் போட்ட கடிதங்களைத் தபால் துறை மூட்டை மூட்டையாக நீதிமன்றத்தில் கொண்டுவந்து கொட்டுகிறது, அரசாங்கமே ஒப்புக்கொண்டதாக ஆகிறது. ரீமேக்கில் டாலர் நோட்டில் கடவுளை நம்புகிறோம் என்று அச்சிட்டிருப்பதை வைத்து நீதிபதி முடிவுக்கு வருகிறார். எனக்குப் பழையதுதான். தபால்காரர்கள் மூட்டையைக் கவிழ்க்கும்போது மேஜைக்குப் பின்னால் நீதிபதி மறைந்துபோகும் அந்தக் காட்சியில் வாதம் கண்ணுக்குத் தெரிகிறது. நோட்டில் அது படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாகிவிடுகிறது. என் அண்ணன் மகன் மாற்றிச் சொல்வான், கடிதம் ஒரு தற்செயல், நம்பிக்கை என்ற சொல்தான் படத்தின் கரு என்று. அவன் வாதத்திலும் பலம் இருக்கிறது.

நடுவர் நாற்காலியில்

ஒருவருக்கு நான்கு நிமிடம். குறுக்கே பேசினால் அப்படிக் குறுக்கிட்டவர் நேரத்தில் ஒரு நிமிடம் குறையும். நடிகரைத் திட்டினால் அந்தச் சுற்று முழுக்கப் போகும், இதில் கண்டிப்பாக இருங்கள். ரசிகர் சண்டையாக மாறிவிட்டால் பிறகு காட்சியைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். பேசத் தயங்குகிறவரிடம் ‘உங்க கருத்து என்ன?’ என்று கேட்காதீர்கள், இன்னும் ஒடுங்கிவிடுவார்கள். ‘அந்தப் படத்தை யாரோட போய்ப் பார்த்தீங்க?’ என்று கேளுங்கள். சித்தி பேச ஆரம்பித்தது அந்தக் கேள்விக்குத்தான்.

தீர்ப்பைச் சொல்லும்போது ஜெயித்த கட்சியைச் சொல்ல வேண்டாம். எந்த அளவுகோலில் என்ன முடிவு என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். என்னிடம் பழைய வகுப்புத் தேர்வு நோட்டு ஒன்று இருக்கிறது, அதில் பக்கத்துக்கு ஒரு தீபாவளி: கேள்வி, பேசியவர்கள், காட்டிய காட்சிகள், தீர்ப்பு. அம்மாச்சி போன பிறகு ஒருநாள் அதைப் புரட்டினேன். ‘மணிச்சித்ரதாழ்’ பக்கத்தில் அவர் கேட்டதை அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். எழுதி வையுங்கள்.

இந்த வருடத்துக்குக் கேள்வி தயாராக இருக்கிறது. ‘கல்யாணப் பரிசு’ தெலுங்கில் 1960-இல் ‘பெள்ளி கானுக’ ஆனது, இந்தியில் 1961-இல் ‘நஸ்ரானா’ ஆனது. அந்தத் தீபாவளிப் பாட்டு வருகிற இடத்தை மூன்று மொழியிலும் வரிசையாகப் போட்டுப் பார்க்கப் போகிறோம். காட்சிகளைத் தேடி எடுக்கும் வேலை தங்கை மகளுக்கு. முதலில் பேசப்போவது, மூன்றில் எதையுமே இதுவரை பார்க்காத அண்ணனின் பேத்தி.